ஆட்கொணர் எழுத்தாணையும் ஏளனஞ் செய்வோரும்

நீதிமன்றங்கள் ஆளும் வர்க்கத்தின் கருவிகள். ஆகவே ஆட்கொணர் எழுத்தாணை போன்ற உரிமைகள் யாவும் பூர்ஷ்வா சமுதாயம் தன் முகத்திற் பூசிக்கொண்ட அரிதாரமே என்று பேசும் தோழர்கள் நம்மிடையே உளர். மார்க்ஸியத்தை நேற்றுக் கற்று இன்று மேடையேறும் மாணவர் இவ்வாறு கூறின் பொறுத்துக்கொள்ளலாம். பல்லாண்டு இயக்கத்திற் பழகிய ஆசிரியர்களும் இதனையே முழங்கும்போது வாளாவிருத்தல் இயலாது. நீதிமன்றம் வர்க்கச் சார்பற்றது என நிலைநாட்டுவது என் நோக்கமன்று. அத்தகைய மயக்கம் எனக்கு என்றும் இருந்ததில்லை. ஆனால், ஒரு சாதாரண மனிதன் ஓர் அரசாங்கத்தைப் பார்த்து, 'என் மகனை எங்கே வைத்திருக்கிறாய்?' என்று கேட்கவும், அவ்வரசாங்கம் சத்தியஞ் செய்து அதற்கு விடைகூறவும் வழி செய்கின்ற ஒரு கருவியை நாமே குப்பையில் வீசிவிடலாமா? இதற்கு விடை தேடுவோர் 1977 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆந் திகதி கேரள உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினைக் கற்றல் நன்று. அத்தீர்ப்பு இடதுசாரிகளாகிய நமக்கு இனிப்பானதன்று. அதனாலேயே அதனை நாம் கற்க வேண்டும் என்கிறேன்.

கோழிக்கோட்டுக்கு அண்மையிலுள்ள பிரதேசப் பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு மாணவராயிருந்தவர் ராஜன். 1976 மார்ச் முதலாந் திகதி விடியற்காலையில், கலைவிழா ஒன்றிலிருந்து விடுதிக்குத் திரும்பியிருந்த அவரைப் பொலிஸார் பிடித்துச் சென்றனர். அதற்குச் சிறிது முன்னர், பெப்ரவரி இறுதியில், காயண்ணை என்னும் ஊரின் பொலிஸ் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கியிருந்தனர். அத்தாக்குதலைத் துப்புத் துலக்குவதற்கென்று மலைப்புறத்துக் கக்கயத்தில், நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த கட்டிடமொன்றில், ஒரு முகாம் அமைக்கப்பட்டிருந்தது. குற்றப் பிரிவின் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஜயராம் படிக்கல் அம்முகாமுக்குத் தலைவர். ராஜன் அங்கே கொண்டு செல்லப்பட்டார். அதன்பின் அவரை வெளியுலகம் கண்டதில்லை.

அம்முகாமில் கையாளப்பட்ட முறைக்கு மலையாளத்தில் 'உருட்டல்' என்று பெயர். நமக்கும் விளங்கும் சொல்தான். மனிதனை ஒரு வாங்கிலே கிடத்திக் கட்டி, அவன் தொடைகளின் மீது கனத்த உலக்கையை வைத்து அழுத்தி உருட்டுவது அம்முறை. நெல்லுக் குத்தும் உலக்கைக்கு இருபதாம் நூற்றாண்டின் அரசொன்று கண்டுபிடித்த புதுப்பயன் இது.

ராஜனின் தந்தை ஈச்சரவாரியர் இந்தி மொழி கற்பித்த பேராசிரியர். மகன் பிடிபட்ட செய்தியை அவருக்குக் கடிதம் மூலம் அறிவித்தவர் அப்பொறியியற் கல்லூரியின் அதிபர் பகாவுதீன். அக்காலச் சூழ்நிலையில் அக்கடிதத்தை எழுதுவதற்கே நெஞ்சுரம் வேண்டும். கல்லூரி அதிபர்கள் பலர் பொலிஸ் வாகனம் படலைக்குள் நுழைந்ததும் தமது கண்களை வேறு திசைக்குத் திருப்பிக் கொள்வதே வழக்கம். பகாவுதீன் எழுதினார், பின்னர் நீதிமன்றத்திலும் உண்மையைக் கூறினார். ஆசிரியர்களாகிய வாசகர்கள் இப்பெயரை நினைவில் வைத்தல் வேண்டும்.

தந்தையார் ஏறாத படியில்லை. உள்துறைச் செயலாளர், உள்துறை மந்திரி, முதலமைச்சர், மத்திய அரசாங்கம் என்று மனுக்கள் சென்றவண்ணமிருந்தன. மகன் இருக்குமிடத்தைக் கூறுவார் எவருமிலர். அவன் தங்கள் காவலில் இல்லை என்பதையேனும் எழுத்திற் கூறுவாருமிலர். ஓராண்டுக்கு மேலாக அவர் நடந்த நடையை அவரே பிற்காலத்தில் ஒரு நூலாக எழுதினார். முதலமைச்சரைச் சந்தித்த வேளையில் தமக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி அதில் அவர் கசப்போடு குறித்துள்ளார்.

அந்த முதலமைச்சர் யார்? இவ்விடத்திலேதான் நம் தோழர்களின் குரல் தாழ்கிறது. அவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சி. அச்சுத மேனன். உள்துறை காங்கிரஸ்காரரான கே. கருணாகரனின் கையில் இருந்தது. கூட்டரசாங்கம், பொலிஸ் இலாகா கூட்டாளியின் பங்கு.

அச்சுத மேனனைப் பழிப்பது எளிது; அவர் பெருமையைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. 1970 ஜனவரி முதலாந் திகதி முதல் கேரளத்தில் குத்தகை நிலவுடைமை ஒழிந்தது அவருடைய ஆட்சியில்தான். வீடற்ற ஏழைகளுக்கு இலட்சம் வீடுகள் என்னும் திட்டமும் அவர் காலத்தது. தனிவாழ்வில் எளிமையும் நேர்மையும் உடையவர். இவ்வளவும் உண்மை. இவ்வளவும் இருக்கத்தக்கதாகவே, அவர் தலைமை தாங்கிய அரசாங்கத்தின் காவலில் ஒரு மாணவன் உலக்கையால் உருட்டிக் கொல்லப்பட்டான் என்பதும் உண்மை. நிலச் சீர்திருத்தத்தை ஒரு தட்டிலும் கக்கயத்தை மறு தட்டிலும் வைத்து நிறுத்து, முன்னது கனமானது என்று தீர்ப்புக் கூறும் தராசு எதுவும் மார்க்ஸியத்தில் இருப்பதாக நான் அறியேன்.

அக்காலத்தின் சட்ட நிலையை இங்கு விளக்குதல் அவசியம். ஆட்கொணர் எழுத்தாணை என்பது, ஒருவரைக் காவலில் வைத்திருப்போருக்கு, அவரை மன்றில் கொணர்ந்து நிறுத்தி, எச்சட்டத்தின்படி பிடித்தாய் எனக் காரணங் காட்டுமாறு நீதிமன்றம் இடும் கட்டளை. இந்தியாவில் இதற்கு இரண்டு வேர்கள் இருந்தன. ஒன்று அரசியலமைப்பின் 226 ஆம் உறுப்புரை. மற்றையது 1898 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைக் கோவையின் 491 ஆம் பிரிவு. 1973 இல் புதிய கோவை இயற்றப்பட்டபோது, அரசியலமைப்பிலேயே இவ்வுரிமை இருக்கின்றதே, கோவையில் மீண்டும் எதற்கு என்று அப்பிரிவை நீக்கிவிட்டனர். புதிய கோவை 1974 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பதினைந்து மாதங்கள் கழியுமுன், 1975 ஜூன் 25 ஆந் திகதி, அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அடுத்த இரு நாட்களுக்குள், உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21 ஆம் உறுப்புரையை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்தலாகாது என்று ஜனாதிபதியின் கட்டளை பிறந்தது. மிகையென்று வெட்டப்பட்ட வேரும் போயிற்று. எஞ்சியிருந்த வேரிலும் வெந்நீர் ஊற்றினர். பழைய பிரிவு இருந்திருந்தால் மட்டும் காப்பாற்றியிருக்குமா என்று கேட்கலாம். அதுவும் ஐயமே, முந்தைய அவசரகாலத்தில், 1960களில், அவ்வழியையும் உச்ச நீதிமன்றம் அடைத்திருந்தது. ஆயினும், உரிமையை ஒரே ஆணியில் தொங்கவிடுவதன் ஆபத்தைச் சட்டம் வரைவோர் இதிலே காணலாம்.

அலகாபாத், பம்பாய், தில்லி, மத்தியப் பிரதேசம் முதலிய பல இடங்களின் உயர் நீதிமன்றங்கள் இதற்குப் பணியவில்லை. அவசரகாலமாயினும், பிடித்த ஆணை சட்டத்துக்கு ஒத்ததா என்பதை நாம் பார்ப்போம் என்றன. அரசாங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 'ஜபல்பூர் வழக்கு' எனப் பேர்பெற்ற அவ்வழக்கில், ஒரு பொலிஸ்காரன் சொந்தப் பகைமையினால் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் இல்லையா என்று நீதியரசர் எச். ஆர். கன்னா கேட்டார். அவசரகாலம் நீடிக்கும் வரை இல்லை என்று சட்டத்துறைத் தலைவர் நிரேன் தே ஒப்புக்கொண்டார். 1976 ஏப்ரல் 28 ஆந் திகதி நான்கு நீதியரசர்கள் அரசாங்கத்தின் பக்கம் நின்றனர். கன்னா ஒருவரே மறுத்தார். அதன் விலையாக, 1977 ஜனவரியில், பிரதம நீதியரசர் பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் ஒருவருக்குச் சென்றது. கன்னா பதவி துறந்தார்.

இவ்வாதம் தில்லியில் நடந்துகொண்டிருந்த காலத்தை நோக்குங்கள். தீர்ப்பு வெளியாவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்னரே ராஜன் இறந்துவிட்டார். நிரேன் தே ஒப்புக்கொண்டது வெறுங் கற்பனை உதாரணமன்று. கக்கயத்து வாங்கிலே அது நடைமுறையாயிருந்தது. ராஜனைப் பிடித்ததற்கோ தடுப்புக் காவற் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை கூட இருக்கவில்லை. பிடிபட்டவனை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்துக என்னும் விதி புதிய கோவையிலும் இருந்தது. அவசரகாலம் அதனை எழுத்தில் நீக்கவில்லை. கேட்பதற்கு ஆளில்லை என்ற நிலைமை ஏற்பட்டதும், எழுத்தில் உள்ள விதி தானாகவே செத்துப்போயிற்று. சட்டத்தை மீறும் துணிவு பொலிஸாருக்கு எப்போதும் உண்டு; மீறியபின் நிம்மதியாக உறங்கும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது எழுத்தாணையின் இன்மையே.

1977 மார்ச்சில் நடந்த தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். மார்ச் 21 ஆந் திகதி அவசரகால நிலை நீங்கிற்று. கேரளத்திலே காங்கிரஸ் கூட்டணியே மீண்டும் வென்றது. மார்ச் 25 ஆந் திகதி கருணாகரன் முதலமைச்சரானார். அதே நாட்களில் ஈச்சரவாரியரின் ஆட்கொணர் மனு கேரள உயர் நீதிமன்றத்தில் தாக்கலாயிற்று. உள்துறைச் செயலாளர், பொலிஸ் மா அதிபர், படிக்கல் ஆகியோரோடு கருணாகரனும் எதிர்மனுதாரர்.

அவர்கள் கூறிய விடை உலகெங்கும் காவற்படைகள் கூறும் விடைதான்: நாம் அவனைப் பிடிக்கவேயில்லை. பிடிக்காதவனை எவ்வாறு கொணர்வது? கொணர முடியாதவன் பொருட்டு எழுத்தாணை எவ்வாறு பிறக்கும்? சத்தியக்கடதாசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலமைச்சருடையதும் வந்தது.

நீதியரசர்கள் சுப்பிரமணியன் போற்றியும் காலிதும் இவ்விடையோடு கோவையை மூடியிருக்கலாம். மறுப்பு வந்துவிட்டது, இது தகராறுக்குரிய விடயம், வேறு மன்றம் செல்க என்று எத்தனை நீதிமன்றங்கள் எத்தனை தாய்மாரை அனுப்பியுள்ளன! அவ்விருவரும் சாட்சிகளை அழைத்துக் கேட்டனர். விடுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டதைக் கண்டோர், முகாமிற் கண்டோர், கல்லூரி அதிபர் யாவரும் பேசினர். மூன்று வாரத்துக்குள் தீர்ப்பு வந்தது. ராஜன் பிடிக்கப்பட்டதும் முகாமில் வைக்கப்பட்டதும் உண்மை, எதிர்மனுதாரரின் மறுப்பு நம்பத்தக்கதன்று, ஏப்ரல் 21 ஆந் திகதிக்குள் அவரைக் கொணர்க என்பது தீர்ப்பு. காவலில் எடுத்தவன் கணக்குக் கூறவேண்டும். 'இல்லை' என்ற ஒரு சொல்லினால் அக்கணக்கு முடியாது என்பது அதன் சாரம்.

ராஜன் வரவில்லை. வரமுடியாது. கருணாகரன் ஏப்ரல் 25 ஆந் திகதி பதவி துறந்தார். முதலமைச்சராகி ஒரு மாதமே ஆகியிருந்தது. பின்னர் அரசாங்கமே, ராஜன் 1976 மார்ச் 2 ஆந் திகதி காவலில் இறந்தார் என்று மன்றுக்கு ஒப்புக்கொண்டது. பிடிக்கவேயில்லை என்று சத்தியஞ் செய்த அதே அரசாங்கம்!

ஒரு முதிய ஆசிரியரின் மனுத்தாள் இதனைச் சாதித்தது. துப்பாக்கியும் இல்லை, கட்சியும் இல்லை, கையில் பணமும் அதிகமில்லை. ஓராண்டு காலம் மந்திரிமாரின் வாயிலில் கிடைக்காத விடை சில வாரங்களிற் கிடைத்ததற்குக் காரணம், கேள்வியை இம்முறை ஒரு மன்று கேட்டது என்பதே. தேர்தலில் மக்கள் அவசரகாலத்தைத் தூக்கியெறிந்திராவிடில் அம்மன்றின் கதவு திறந்திராது என்று தோழர்கள் கூறுவர். சரியே. மக்கள் கதவைத் திறந்தனர். திறந்த கதவுக்குள் நுழைந்து கேட்பதற்குரிய கேள்வியின் வடிவம் சட்டத்தில் முன்னரே இருந்தது. இரண்டில் எதுவொன்று இல்லாவிடினும் கக்கயம் இன்னும் வதந்தியாகவே இருந்திருக்கும்.

இனி, பின்னர் நடந்தவற்றையும் மறையாது கூறுவோம். கொலைக்குப் பொறுப்பானோர் மீதான வழக்கு கேரளத்துக்கு வெளியே கோயம்புத்தூரில் நடந்தது. அங்கு கிடைத்த சொற்பத் தண்டனையும் மேன்முறையீட்டில் நிலைக்கவில்லை. படிக்கல் பிற்காலத்தில் கேரளப் பொலிஸின் தலைமைப் பதவியை அடைந்தார். பொய்ச்சத்தியம் பற்றிய வழக்கிலிருந்து கருணாகரன் விடுபட்டார். 1981 முதல் மீண்டும் மீண்டும் முதலமைச்சரானார். ராஜனின் உடல் கிடைக்கவேயில்லை. அது எங்கே, எவ்வாறு அழிக்கப்பட்டது என்பது எந்த மன்றிலும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. ஷாஜி என். கருண் 'பிறவி' என்ற திரைப்படத்தில் மகனுக்காகப் பேருந்துத் தரிப்பிடத்திற் காத்திருக்கும் ஒரு முதியவரை 1980களின் இறுதியிற் காட்டியபோது, மலையாளிகளுக்கு அவர் யார் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவற்றைச் சுட்டிக் காட்டி, 'பார்த்தீரா, உங்கள் எழுத்தாணையின் இலட்சணத்தை' என்று நகைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றவாளிகளைக் காப்பாற்றியது எழுத்தாணையன்று. உண்மை வெளிவந்த பின்னரும் அவர்களைப் பதவியிலேற்றிய அரசியலும், தண்டனையளிக்கத் தயங்கிய வழக்கு முறையுமே காப்பாற்றின. அரசியலை மாற்றுவது நம் வேலை. அவ்வேலையிற் பின்தங்கியவர்கள் எழுத்தாணையைக் குறைகூறுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகும்.

வேறொரு வகையினரும் உளர். ராஜன் நக்சலைட் அல்லர், பாடல் பாடித் திரிந்த அப்பாவி, ஆகையால் அவருக்கு நேர்ந்தது அநியாயம் என்று இவர்கள் இரங்குகின்றனர். இவ்விரக்கம் முன்னைய ஏளனத்தினும் கேடானது. அவர் நக்சலைட்டாகவே இருந்திருந்தால்? பொலிஸ் நிலையத்தைத் தாக்கியோருள் ஒருவராகவே இருந்திருந்தால்? உலக்கை அப்போது நியாயமாகிவிடுமா? உயர் நீதிமன்றம் அக்கேள்விக்குள் இறங்கவில்லை. இறங்காததே அத்தீர்ப்பின் சிறப்பு. பிடித்தாயா, எங்கே வைத்தாய் என்ற இரண்டையும் மட்டுமே எழுத்தாணை கேட்கும். பிடிபட்டவன் நல்லவனா தீயவனா என்று அது கேட்பதில்லை. நம்முடைய முற்போக்காளர் பலர் கேட்கின்றனர்! தமது அணியைச் சேர்ந்தவன் பிடிபட்டால் 'அடக்குமுறை' என்றும், எதிரணியான் பிடிபட்டால் 'சூழ்நிலையின் தேவை' என்றும் பெயர் சூட்டும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அவசரகாலத்தை ஆதரித்ததும் இப்பழக்கத்தினாலேதான். பிற்போக்குச் சக்திகளை ஒடுக்க வந்த ஆயுதம் என அதனைக் கருதினர். அவ்வாயுதம் மார்க்ஸிஸ்ட் கட்சித் தோழர்கள் மீதும் தொழிற்சங்கத்தினர் மீதும் மாணவர் மீதும் பாய்ந்தபோது கூட்டரசாங்கத்தில் அவர்கள் வீற்றிருந்தனர். 1978 இல் பத்திண்டாவில் கூடிய மாநாட்டில் அந்நிலைப்பாடு தவறென்று கட்சி ஏற்றுக்கொண்டது. நல்லதே. அதற்குள் ராஜன் இறந்து ஈராண்டு கடந்திருந்தது.

ஆட்கொணர் எழுத்தாணை பூர்ஷ்வா அரிதாரம் என்பார் தம் இயக்கத்தின் வரலாற்றையேனும் படிக்கக் கூடாதா? சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் தொடங்கிய 1950 ஆம் ஆண்டிலேயே அங்கு இவ்வெழுத்தாணையை வேண்டி நின்றவர் ஏ. கே. கோபாலன், கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர். பெரும்பான்மை நீதியரசர்கள் அவர் மனுவைத் தள்ளினர். ஆயினும் சுதந்திரத்தின் பொருள் யாது என்று இந்திய நீதிமன்றங்களில் பின்னர் நடந்த வாதங்கள் யாவும் அவர் பெயரைத் தொட்டே நடந்தன. அக்கோபாலன் 1977 மார்ச் 22 ஆந் திகதி, அவசரகாலம் நீங்கிய மறுநாள், காலமானார். ஈச்சரவாரியர் நீதிமன்றம் புகுந்தது அதே வாரத்தில்.

நம் நாட்டிலேயே, 1937 இல், தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளையரை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டபோது, சமசமாஜக் கட்சித் தோழர்கள் அவரைத் தலைமறைவாக வைத்திருந்தனர். காலிமுகத் திடலிற் கூட்டங் கூட்டினர். அவர் கைதானதும் இதே எழுத்தாணையைக் கோரி உயர் நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டு மே 18 ஆந் திகதி பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான மூவர் மன்று, அவசரகாலத்துக்கென்று ஆக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்தில் தேசாதிபதி பயன்படுத்தலாகாது என்று கூறி அவரை விடுவித்தது. கூட்டமும் எழுத்தாணையும் அன்று ஒன்றையொன்று தாங்கின. அத்தலைமுறைத் தோழர்கள் நம்மிலும் குறைந்த புரட்சிகரம் உடையவர்களா?

உடல் இல்லாதவிடத்தும் எழுத்தாணைக்கு வேலையுண்டு என்பதைப் பிற்காலத் தீர்ப்புகளும் வலியுறுத்தின. மணிப்பூரில் இராணுவத்தினர் கொண்டுசென்று காணாமற்போன இருவர் பொருட்டு, அவர்களுடைய மனைவியருக்குத் தலா ஓர் இலட்சம் ரூபா கொடுக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 1984 இல் கட்டளையிட்டது. 1994 இல் நமது மேன்முறையீட்டு நீதிமன்றமும், டிக்வெல்லைப் பொலிஸாராற் பிடிக்கப்பட்டுக் காணாமற்போன இளைஞர் பற்றிய வழக்கில், பொறுப்பான அதிகாரி மீது அவ்வாறே பணம் விதித்தது. உயிருக்கு விலை ஓர் இலட்சமா என்று கேட்பது நியாயம். ஆனால் 'பிடிக்கவில்லை' என்ற பொய்யைப் பொய் என்று எழுதிய நீதிமன்றத் தாள் ஒன்று அக்குடும்பங்களின் கையில் இருக்கிறது. அத்தாளில்லாத குடும்பங்கள் நம் நாட்டில் ஆயிரமாயிரம்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்திற்குப் பின்னர் இலங்கையில் மாகாண மேல் நீதிமன்றங்களும் இவ்வெழுத்தாணையை வழங்கலாம். 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்தோரின் மனைவியரும் தாய்மாரும் வவுனியா மேல் நீதிமன்றத்தில் இதனையே நாடினர். கேரளத்து ஆசிரியருக்கு மூன்று வாரத்திற் கிடைத்த விடைக்காக இவர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றின் படிகளில் ஏறி இறங்க நேர்ந்தது. அவ்வழக்குகள் எடுக்கப்பட்ட நாட்களில் அம்மன்றின் வெளியே எத்தனை ஆசிரியர் சங்கங்கள் நின்றன? மாணவர் ஒன்றியங்கள் எத்தனை? எழுத்தாணை அரிதாரம் என்று கூட்டங்களில் முழங்கிய தோழர்கள் அந்நாட்களில் எங்கிருந்தனர் என்பதை அவர்களே கூறட்டும்.